திருப்பி வாசிக்காத பதினொரு பக்கங்கள்

பிள்ளைக்கு,

இன்று காலை பத்தேகாலுக்கு நான் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாக உன் தொலைபேசி அழைப்பை எடுக்காத மனிதர் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று சிரிப்பாய். சிரி. தொலைபேசியில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா வந்து கையிலிருந்து பிடுங்குவாள். கடிதத்தில்தான் நான் முடிக்கும்வரை நீ பேசாமல் இருப்பாய். உன்னைப் பேசாமல் இருக்கவைக்க எனக்கு இப்போது வேறு வழியில்லை.

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, நாலைந்து வருடமாக இருக்கிறது. பிள்ளைகள் எங்களை மிஞ்ச வேண்டும் என்று கலியாண வீடுகளில் அப்பாமார் சொல்வார்கள், நானும் தலையாட்டிச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி பொய். பிள்ளை வேறு தொழிலில் மிஞ்சினால் அப்பனுக்குப் பெருமைதான். நீ டொக்டராகியிருந்தால், பாசலில் மருந்துக் கொம்பனி ஒன்றில் வேலைக்குப் போயிருந்தால், பீல் நகரம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். அதே மொழிபெயர்ப்புத் தொழிலில், அதே மொழியில், அதே பெயர்ப் பட்டியலில் வந்து மிஞ்சினால் வயிறு எரியும். எந்த அப்பனும் இதை வாயால் சொல்ல மாட்டான். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, இனி மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன்.

வேலைக்கு அனுப்பும் உன் விபரக்கோவையை ஒருநாள் உன் மேசையில் பார்த்தேன். சூரிச் பல்கலைக்கழகம் இருந்தது, யோக்யகர்த்தாவில் நீ படித்த ஒரு வருடம் இருந்தது, சான்றிதழ்கள் இருந்தன. நான் இல்லை. இந்தோனேசிய மொழியில் உனக்கு எண்ணக் கற்றுத் தந்தவன் எந்த வரியிலும் இல்லை. ஐரோப்பாவுக்கு என்று கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் இந்தோனேசியாவின் மேடான் நகரத்தில் ஒரு வீட்டில் எங்கள் ஒன்பது பேரையும் விட்டுவிட்டு மாயமானான். அங்கே நான்கு வருடம் மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கத்திக் கத்தித்தான் அந்த மொழி என் வாயில் ஏறியது. பிறகு ஒருவழியாக சுவிஸ் வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே அறைகள் துப்புரவு செய்த ஓர் இந்தோனேசியப் பெண் மேல், சங்கிலியைக் காணவில்லை என்று ஒரு விருந்தாளி முறைப்பாடு கொடுத்தார். பொலிஸ் வந்தது. அவள் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் ஈரக் கையோடு போய் நின்று எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சில், அந்த அரைகுறை ஜெர்மனில், அவள் சொன்னதைச் சொன்னேன். இரண்டு மணித்தியாலத்தில் அவளை விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் வேறொரு ஆளுக்காக அதே பொலிஸ்காரர் என்னைத் தேடி வந்தார். என் விபரக்கோவை இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பீலுக்கு வந்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை எடுத்தேன். வேலை முறை மாற்றி மாற்றி, பொலிஸுக்கும் கோட்டுக்கும் வாய்மொழி மொழிபெயர்ப்பாளராக, டொல்மெச்சராகவும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கறி காய்ச்ச நீ பக்கத்து ஸ்டூலில் ஏறி இருந்து, இதற்கு என்ன, அதற்கு என்ன என்று அந்த மொழியில் கேட்பாய். அம்மாவுக்கு விளங்கக் கூடாத கதைகளை எல்லாம் நாங்கள் அதில்தான் கதைத்தோம். "அப்பனும் மகளும் என்னைப் பற்றித்தான் கதைக்கிறியள், எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ" என்று அவள் கரண்டியைத் தூக்குவாள். பொறாமை அப்போது அவள் பக்கம் இருந்தது. நான் அதை இரசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

யோக்யகர்த்தாவிலிருந்து திரும்பி வந்த முதல் கிழமையே நீ என்னைத் திருத்தத் தொடங்கினாய். "அப்பா, கோட்டில நீதவானுக்கு முன்னால இப்பிடிச் சொல்லக் கூடாது, இது பஸ் ஸ்டாண்டில கதைக்கிறது" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். சரியாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு கன்டோனில், எங்கள் மாநிலத்தில், புதிய விதி வந்தது. பட்டியலில் இருக்கும் டொல்மெச்சர்கள் எல்லோரும், பழையவர் புதியவர் என்றில்லாமல், ஒரு வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும் என்றார்கள். நீயும் நானும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் எழுதினோம். நீ எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாய். நான் மூன்றாம் கேள்வியில் நிற்கும்போது நீ தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து நீ என் தோளில் கைபோட்டு, "லேசாத்தான் இருந்தது, என்னப்பா?" என்றாய். ஓம் என்றேன்.

இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி வருகிறது. அந்தப் பெண்ணின் பெயரையும் நகரத்தின் பெயரையும் எழுத மாட்டேன், நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு தொழில் செய்கிறவர்கள். அவளை இங்கே யந்தி என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கவும் சமைக்கவும் வந்தவள். கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு நாள் குப்பை போட இறங்கியவள் அப்படியே நடந்து பொலிஸுக்குப் போய்விட்டாள். அவளின் முதல் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலை எனக்குக் கடிதம் வந்திருந்தது, சோதனையில் தோல்வி. அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் நான்காக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மூன்று மணித்தியாலம் யந்தி சொன்னாள், நான் சொன்னேன், அலுவலர் கணினியில் அடித்தார். முடிவில் பதினொரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, இனி இவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள் என்றார். எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் சொன்னவரின் மொழியிலேயே அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிழை இருந்தால் திருத்த வேண்டும், அதன் பிறகுதான் பக்கம் பக்கமாக அவரும் நாங்களும் கையெழுத்து வைப்போம். இந்தத் தொழிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "அப்பா நான் பாஸ்!! உங்கட ரிசல்ட் வந்ததோ?" என்று நீ எழுதியிருந்தாய்.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். விசாரணைக்குள் போகுமுன் போனை அணைத்து வை. சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதாது, அணைத்து வை. யார் செத்தாலும் அந்த அறையிலிருந்து வெளியே வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். நான் உன் செய்தியைப் பார்த்த பிறகு அந்தப் பதினொரு பக்கத்தில் ஓர் எழுத்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து எழும்பிப் போக வேண்டும், ஒருவரின் முகத்தையும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. பக்கங்களைச் சரசரவென்று புரட்டினேன். "நீங்கள் சொன்னதெல்லாம் இதில் இருக்கிறது" என்று யந்தியிடம் சொன்னேன். அவள் உடனே பேனையை எடுக்கவில்லை. "ஐயா, கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார்கள் என்று சொன்னேனே, அதுவும் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது, இருக்கிறது, கையெழுத்து வையுங்கள் என்றேன். அலுவலர் தேநீர் எடுக்க வாசலடிக்குப் போயிருந்தார். அவள் பதினொரு தடவை தன் பெயரை எழுதினாள். நானும் கையெழுத்துக் கிறுக்கினேன். கதவைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. நான் டொச்சில் சொல்லியும் அவர் அடிக்காமல் விட்டாரா, அல்லது நானே சொல்லாமல் விட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பி வாசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து உனக்கு வாழ்த்துச் சொன்னேன், கேக்கும் வெட்டினோம், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அழைப்புகள் உனக்கு வரத் தொடங்கின, எனக்குக் குறைந்தன. மறுபடி சோதனை எழுதும்வரை என் பெயரைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒன்று வரும், பிறகு அதுவும் இல்லை. நீ சனிக்கிழமைகளில் வந்து, இந்த நீதவான் நல்லவர், அந்த வழக்கறிஞர் வேகமாகப் பேசுவார் என்று எனக்கே சொல்லித் தருவாய். எல்லோரையும் எனக்கு உன்னைவிட முன்னாலே தெரியும். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். "மகளோட போட்டி போடுற அப்பன் உலகத்தில உங்களைத் தவிர வேற ஆரும் இருக்கோ?" என்று நீ போன பிறகு அம்மா கேட்டாள். இருப்பான், சொல்ல மாட்டான் என்றேன்.

இரண்டு மாதத்துக்கு முன் நீ, "பெரிய வழக்கொண்டு அப்பா, பொது விசாரணைதான், வந்து பின்னுக்கு இருந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாய். என்ன வழக்கு என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நீ என்னை ஆசையாகக் கூப்பிட்டாய். நான் எதற்கு வந்தேன் தெரியுமா? கோட்டுப் பைக்குள் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்தேன், உன் பிழைகளை எழுத. எழுதி என்ன செய்வதாக இருந்தேன் என்று கேட்காதே. பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பலாம் என்றுகூட ரயிலில் யோசித்தேன். பிறகு யந்தி உள்ளே வந்தாள். அப்போதே எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் நான் போய்விட்டால் உன் பிழைகளை யார் எழுதுவது? அங்கேயே இருந்துவிட்டேன்.

நீ அருமையாகச் செய்தாய். ஒரு மணித்தியாலத்தில் என் கொப்பியில் இரண்டு சில்லறைப் பிழை, அதில் ஒன்று பிழையே இல்லை. பிறகு வீட்டுக்காரரின் வழக்கறிஞர் எழும்பினார். கதவு பூட்டப்பட்டிருந்தது என்று இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள், பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் இல்லையே, நடுவில் யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். யந்தி அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். அவள் 'நான்' என்று சொல்வதை நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த மண்டபத்தில் அது உன் குரலில்தான் டொச்சில் வந்தது. "நான் முதல் நாளே சொன்னேன். எழுதப்பட்டிருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். இருக்கிறது, கையெழுத்து வையுங்கள் என்றார். எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டவில்லை." யார் அந்த மொழிபெயர்ப்பாளர் என்று நீதவான் கேட்டார், பதிவில் பெயர் இல்லை, இலக்கமும் விளங்காத ஒரு கையெழுத்தும்தான் இருந்தன. "வயதானவர். தமிழர். மேடான் பஸ்காரர் மாதிரிக் கதைப்பார்" என்றாள் யந்தி. அந்தக் கடைசி வசனத்தைக்கூட நீ விடவில்லை. உன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் இருந்த பக்கம் நீ திரும்பவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும் என்றாய். அந்த முதல் பதிவில் வேலை செய்தவர் என் தந்தையாக இருக்கலாம், ஆகையால் நான் இதில் தொடர முடியாது என்றாய். விசாரணையைத் தள்ளி வைத்தார்கள்.

ட்ராம் தரிப்பிடத்தில் நான் உன்னிடம் பேசியதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "பெத்த அப்பனைக் கோட்டில கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டாய், இதுக்குத்தானோ உனக்கு அந்த பாஷையைப் படிப்பிச்சனான்?" என்று சனத்துக்கு நடுவில் கத்தினேன். நீ அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டாய். "வாசிச்சுக் காட்டினீங்களோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ அப்பா." நான் வந்த ட்ராமில் ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய ட்ராமும் இல்லை.

பிறகு எனக்குச் சாட்சி அழைப்பு வந்தது, தொழில் இரகசியத்தைப் பற்றி வாய் திறக்க அனுமதிக் கடிதமும் வந்தது. நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். வாசித்தேன் என்று சொல்லிவிடலாம். பதினொரு பக்கத்திலும் 'திருப்பி வாசிக்கப்பட்டது' என்பதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அந்த அலுவலர் தனக்கு நினைவில்லை என்றுவிட்டார். ஒரு சொல் போதும், யந்தி பொய்க்காரி ஆகிவிடுவாள், வீட்டுக்காரர் தப்பிவிடுவார்கள். நீயும் யோசிக்காமல் அப்பனின் பெயரை இழுத்த அவசரக்காரி ஆகிவிடுவாய். அந்தக் கடைசி எண்ணத்தில் எனக்குக் கொஞ்சம் ருசியும் இருந்தது. நேற்று வரைக்கும் இருந்தது.

இன்று காலை உன் கதிரையில் வேறொரு பெண் இருந்தாள், வெளி கன்டோனிலிருந்து வந்தவளாம். சுத்தமாகப் பேசினாள். அவளைப் பார்த்தும் எரிச்சல் வந்தது, உனக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. பொய்ச் சாட்சி சொன்னால் தண்டனை என்று நீதவான் எச்சரித்தார். இருபத்தொரு வருடமாக மற்றவர்களுக்கு நான் மொழிபெயர்த்த எச்சரிக்கை அது, எனக்கென்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. பதிவைத் திருப்பி வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டார். அந்தப் பெண் கேள்வியை யந்தியின் காதுக்குள் சொல்வது எனக்குக் கேட்டது. யந்தி முன்னுக்குச் சாய்ந்து என் வாயைப் பார்த்தாள். அவளுக்கு என் டொச் விளங்காது, ஆனாலும் வாயைப் பார்த்தாள். இல்லை என்றேன். வாசிக்கவில்லை. அவர் கதவைப் பற்றிக் கேட்டார், இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னேன் என்றேன்.

ஏன் என்று கேட்டார் நீதவான். களைப்பு என்று சொல்லியிருக்கலாம், நேரம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். என் மகள் அன்று சோதனையில் சித்தியடைந்தாள், நான் சித்தியடையவில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது என்றேன். எழுதுகிற பெண் கையை நிறுத்திவிட்டு நீதவானைப் பார்த்தாள். அப்படியே எழுதுங்கள் என்றார் அவர். சாட்சியம் முடிந்ததும் என் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், ஒரு வரியும் விடாமல், ஆறுதலாக, அவசரமில்லாமல். கையெழுத்து வைத்தேன். என் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், அது நிச்சயம். என் மேல் வழக்கு வருமா என்று தெரியாது, வந்தால் வரட்டும். யந்தியின் வழக்கு இனி விழாமல் நிற்கும் என்று அவளுடைய வழக்கறிஞரின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. வெளியே நடைகூடத்தில் யந்தி என்னைக் கடந்து போனவள் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "உங்கள் மகள் ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்டாள். பார், அங்கேயும் நீதான்.

உனக்கு இனி நான் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லித் தர ஒன்றும் இல்லை, போனைத் தவிர. ஆனால் இரண்டு மாதமாக என்னை உறங்க விடாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் இந்தோனேசிய மொழி தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். யந்தி, நீ, நான். அவளுக்கு டொச் தெரியாது. வாசித்துக் காட்டவில்லை என்ற அந்த ஒரு வசனத்தை நீ டொச்சில் சொல்லாமல் விட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் பின்வரிசையில் இருந்த நான். நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்று உனக்கும் தெரியும். அப்பனைக் காப்பாற்ற உனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது, நீ சொல்லிவிட்டாய். உன் சான்றிதழுக்கும் உன் பல்கலைக்கழகத்துக்கும் நான் பட்ட பொறாமை எல்லாம் சும்மா. இதற்குத்தான் இப்போது எரிகிறது. ஏனென்றால் நீ என் கதிரையில் பிழை செய்தவளாக இருந்து, நான் உன் கதிரையில் இருந்திருந்தால், அந்த வசனத்தை விழுங்கியிருப்பேன், பிள்ளை. விழுங்கிவிட்டு, அதைப் பாசம் என்று உனக்குச் சொல்லியிருப்பேன்.

அப்பா